பீச்சாங்கை சல்யூட்டும் ஒரு ஹாலந்துக் காற்றாலையும்

என் கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்பதற்காக நான் ஒரு காற்றாலையைப் புரட்டிப் போட்டிருக்கிறேன். ஹாலந்து நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் காற்றுக்கும் வெள்ளத்துக்கும் அசையாமல் நிற்கிற காற்றாலை அது. அதைப் புதுச்சேரியில், ஒரு சந்துக்குள் இருந்த போட்டோ ஸ்டூடியோவின் இருட்டறையில், நாலே நிமிஷத்தில் புரட்டினேன். காரணம் பயம். புத்திசாலி செய்கிற வேலைக்கும் பயந்தவன் செய்கிற வேலைக்கும் ஒரே வித்தியாசம்தான். பயந்தவன் ரொம்பச் சீக்கிரமாகச் செய்து முடித்துவிடுவான்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு வயது இருபத்தேழு. புதுச்சேரியின் சாரம் பகுதியில் வீடு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை, சொந்தமாக ஒரு சைக்கிள். மாப்பிள்ளைச் சந்தையில் சுமாராக விலைபோகக்கூடிய சரக்குதான். ஆனால் எங்கள் அம்மா சகுனம் பார்ப்பார். சாதாரணமாகப் பார்க்க மாட்டார். வக்கீல் சட்டப் புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். முதல் சம்பந்தம், நாங்கள் பெண் வீட்டுக்குப் புறப்படும்போது பூனை குறுக்கே போனதால் நின்றது. இரண்டாவது, தரகர் தும்மியதால் நின்றது. மூன்றாவது இடத்தில் காபித் தட்டோடு பெண் வரும்போது கரண்ட் போய்விட்டது. "வெளக்கு அணைஞ்ச வூட்ல பொண்ணெடுக்கச் சொல்றியா?" என்று அம்மா எழுந்துவிட்டார். (அன்றைக்கு ஊர் முழுக்கவே கரண்ட் இல்லை. திரும்பி வந்து எங்கள் வீட்டிலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் தோசை தின்றோம்.)

"கொஞ்ச நாளு கெரகம் மாறட்டும்" என்று என்னை பிரான்சில் இருந்த அக்கா வீட்டுக்கு இரண்டு மாசம் அனுப்பி வைத்தார்கள். அத்தான் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு, பிறகு பாரிஸ் பக்கத்தில் ஒரு ஆலையில் சேர்ந்தவர். அவருக்கு ஐரோப்பா முழுக்க அத்துப்படி. இது அத்தானுடைய கருத்து.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் காரைக் கிளப்பினார். "வாடா ஏகாம்பரம், ஆலந்துக்குப் போய்க் காத்தாடி பாத்துட்டு வரலாம்." அக்கா புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு கூடவே ஏறிக்கொண்டாள். என் கையில் அத்தானின் கேமரா, முப்பத்தாறு படத்துக்கான கறுப்பு வெள்ளை ஃபிலிம். உடம்பில் அத்தானின் பழைய ஓவர்கோட்.

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். ஊர்ப் பெயர் என் வாயில் அன்றும் நுழையவில்லை, இன்றும் நுழையவில்லை. ஆனால் அந்தக் காட்சி! நேர்கோடு போட்ட மாதிரி ஒரு கால்வாய். அதன் கரை நெடுக, கூரை வேய்ந்த பெரிய பெரிய காற்றாலைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு இறக்கைகள், தென்னை மர உயரத்துக்கு. அடிப்பகுதியில் குடும்பமே குடியிருக்கிறது. ஜன்னலில் பூந்தொட்டி, கொடியில் துணி. "இந்த ஊர்ல நெலம் கடல் மட்டத்துக்குக் கீழ இருக்குதுடா. தண்ணிய எறைச்சி வெளிய தள்றதுக்குத்தான் இதுங்கள கட்டி வெச்சிருக்கான்" என்று அத்தான் விளக்கினார். ஐப்பசி மழையில் எங்கள் தெருவும் அப்படித்தான் இருக்கும். ஒரே வித்தியாசம், அவர்கள் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள்.

நான் படம் எடுத்துத் தள்ளினேன். ஒரு படத்தில் இறக்கை மட்டும் விழுந்தது, இன்னொன்றில் உடம்பு மட்டும் விழுந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு முழுக் காற்றாலை கிடைக்கும். (ஆனால் அவை வேறு வேறு காற்றாலைகள்.) ஒன்றையாவது முழுசாகப் பிடித்துவிட வேண்டும் என்று ரோஷம் வந்து, கேமராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் போனேன். இன்னும் கொஞ்சம் போனேன். இடது கால் கால்வாய்க்குள் போனது. அந்த ஷூ மீதி நாள் முழுக்க நான் எட்டு வைக்கும்போதெல்லாம் தவளை மாதிரி கத்திக்கொண்டு வந்தது.

கடைசியாக இருந்த காற்றாலைதான் என் வாழ்க்கையில் விளையாடியது.

மற்றவை சுற்றிக்கொண்டிருக்க அது மட்டும் நின்றிருந்தது. நான்கு இறக்கைகளும் நேர் சிலுவையாகவும் இல்லை, பெருக்கல் குறியாகவும் இல்லை. மேல் இறக்கை உச்சியிலிருந்து இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, தலையைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. 'பிரேக் சரியில்லை போல' என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் ஏகப்பட்ட கூட்டம். எல்லாரும் இஸ்திரி போட்ட கறுப்புக் கோட்டு. மேஜை போட்டு காபியும் கேக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஓர் அம்மாள் வந்து எங்கள் கையிலும் ஆளுக்கொரு தட்டைக் கொடுத்தார்.

"இன்னா விசேஷம்னு கேளுங்க அத்தான்."

அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் பிரெஞ்சு தெரிந்திருந்தது. அத்தான் பேசிவிட்டுத் திரும்பினார். "அவங்க அப்பாருக்குத் தொண்ணூத்தாறு வயசாம். பேரன், பேத்தி, கொள்ளுப் பேரன் எல்லாம் வந்துருக்காங்களாம். பொறந்த நாள் போலருக்குது."

"பெரியவர் எங்க? கால்ல வுழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கறேன். அப்பவாவது எனக்குக் கல்யாணம் ஆவட்டும்."

அத்தான் அதைப் பிரெஞ்சில் கேட்டார். அந்த அம்மாள் கண் கலங்கி, விரலை மேலே காட்டினார். காற்றாலையின் உச்சியில் சின்னதாக ஒரு ஜன்னல் இருந்தது. "மேலதான் இருக்காராம்" என்றார் அத்தான். தொண்ணூற்றாறு வயதில் அத்தனை ஏணிப்படி ஏறுகிற மனிதர்! (வெண்ணெய் தின்கிற உடம்பு என்று அக்கா பெருமூச்சு விட்டாள்.) காலில் விழ வாய்ப்பில்லை. அதனால் நான் கேக் தட்டை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஈர ஷூவோடு விறைப்பாக நின்று, அந்த ஜன்னலைப் பார்த்து, வலது கையால் பளிச்சென்று ஒரு சல்யூட் அடித்தேன்.

"அப்படியே இருடா! மூஞ்சிய மட்டும் இந்தப் பக்கம் திருப்பு. சிரி!" என்று அத்தான் கேமராவை வாங்கிக் கிளிக் செய்தார்.

கூட்டத்தில் இரண்டு பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். அந்த அம்மாள் என் கைகளைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். ஹாலந்துக்காரர்கள் எளிதில் உணர்ச்சிவசப்படுகிறவர்கள் என்று அன்று இரவு என் டைரியில் எழுதி வைத்தேன். கேக் நன்றாக இருந்தது என்றும் எழுதினேன்.

முப்பத்தாறு படங்களில் உருப்படியாக விழுந்தது அந்த ஒன்றுதான். முழுக் காற்றாலை, முன்னால் ஓவர்கோட்டில் சல்யூட் அடித்தபடி பல்லைக் காட்டும் நான்.

ஊர் திரும்பியதும் அம்மா கருவடிக்குப்பத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். பெயர் வசந்தா. ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கிற வேலை. அவள் அப்பா சொல்தா. அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் இந்த மாதிரி மனிதர்களைத் தெருமுனையிலேயே கண்டுபிடித்துவிடலாம். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போதும் அணிவகுப்பில் வருகிற மாதிரிதான் வருவார்கள். பென்ஷன் வாங்கப் போகும் நாளில் லுங்கியைக் கூட இஸ்திரி போட்டுவிட்டுத்தான் மடித்து வைப்பார்கள்.

பெண் பார்க்கப் போன அன்று பூனை வரவில்லை, தரகர் தும்மவில்லை, கரண்ட் போகவில்லை, வாசலில் பசு நின்றது. நான் வெளிநாடு போய் வந்த கதையை ஆரம்பித்தேன். எல்லாரும் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள்: டிக்கெட் எவ்வளவு, குளிர் எவ்வளவு, சோறு கிடைக்குமா. வசந்தா மட்டும் கதவோரமாக நின்று கேட்டாள்:

"அந்தக் காத்தாடி சுத்தும்போது இன்னா சத்தம் வரும்?"

அதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி. நான் கன்னத்தை உப்பி, "வ்வூ... ம்ம்... வ்வூ... ம்ம்" என்று செய்து காட்டினேன். பாதியில் கேசரி புரையேறியது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவ்வளவுதான். இவளைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன். அதுவரை என் சம்பந்தங்கள் நின்றபோதெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வீணானதே என்பதைத் தவிர. இந்த முறை நின்றால் நானும் நின்றுவிடுவேன் போலிருந்தது.

சொல்தா மாமாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. "த்ரே பியேன், ரொம்ப நல்லது மாப்ளே! அந்தக் காத்தாடி போட்டோவப் பெருசா போட்டு ஃபிரேம் பண்ணி நிச்சயத்துக்கு எடுத்தாங்க. நானும் பாக்கணும். கூடத்துல எம் மெடல் பக்கத்துல மாட்டணும்." ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம் என்று முடிவானது.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை எங்கள் கம்பெனிக்கு ஒரு புது மெஷின் வந்திருந்தது. அதைப் பூட்டிக் கொடுக்க ஒரு டச்சு இன்ஜினியரும் வந்திருந்தார். ஆறடி நாலு அங்குலம். எங்கள் ஸ்டோர் ரூமுக்குள் வரும்போதெல்லாம் நிலைப்படியில் இடித்துக்கொள்வார். நான் சும்மா இருப்பேனா? சட்டைப்பையிலிருந்த சின்னப் படத்தை எடுத்து, "சார், உங்கள் நாடு!" என்று நீட்டினேன்.

அவர் சிரித்துக்கொண்டே வாங்கினார். பார்த்தார். சிரிப்பு நின்றது. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றினார்.

"யார் இறந்துபோனது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யாரும் இல்லையே சார். பிறந்த நாள் விழா."

அவர் தலையை ஆட்டிவிட்டு, ஓர் அட்டைத் துண்டில் பென்சிலால் வரைந்து காட்டினார். டச்சுக் காற்றாலைகளுக்கு ஒரு பாஷை உண்டாம். இறக்கைகள் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றும். வீட்டில் நல்ல காரியம் என்றால் மேல் இறக்கை உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால், வலது பக்கச் சாய்வில் நிறுத்துவார்கள். சந்தோஷம் வருகிறது என்று அர்த்தம். துக்கம் என்றால் உச்சியைத் தாண்டி, இடது பக்கச் சாய்வில் நிறுத்துவார்கள். போய்விட்டது என்று அர்த்தம். சுற்றுவட்டாரம் முழுக்கத் தூரத்திலிருந்தே பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

"இங்கே பார், தாண்டிவிட்டது" என்று படத்தைத் தொட்டார். பிறகு என் முகத்தையும், படத்தில் பல்லைக் காட்டும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ ஏன் சிரிக்கிறாய்?"

கறுப்புக் கோட்டு. கைக்குட்டை. மேலே காட்டிய விரல். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் மண்டையில் வந்து உட்கார்ந்தன. நான் சாவு வீட்டில் கேக் தின்றிருக்கிறேன். (இரண்டு துண்டு.) எங்கள் சாரத்தில் சாவு என்றால் மேளமும் ஒப்பாரியும் நாலு தெருவுக்குக் கேட்கும். இஸ்திரி போட்டுக்கொண்டு அமைதியாக நின்று காபி குடித்தால் ஒரு மனிதனுக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் பயம் வந்தது. தும்மலுக்கே சம்பந்தத்தை நிறுத்தின அம்மா, சாவு வீட்டு வாசலில் நின்று எடுத்த படம் நிச்சயதார்த்தக் கூடத்தில் மாட்டப்போகிறது என்று தெரிந்தால் என்ன செய்வார்? அம்மாவுக்குத் தெரியாமல் மறைக்கலாம். சொல்தா மாமாவை எப்படி மறைப்பது? பதினாறு வருஷம் ஐரோப்பாவில் இருந்தவர். பார்த்த மாத்திரத்தில் காற்றாலை பாஷையைப் படித்துவிட மாட்டாரா? "எம் பொண்ணு நிச்சயத்துக்கு எழவு வூட்டுப் படத்த எடுத்துக்கினு வந்தியா?" என்று அவர் கேட்பது எனக்குப் பட்டப்பகலில், ஸ்டோர் ரூமில், காதில் விழுந்தது. படத்தைக் கொண்டுபோகாமல் இருக்கவும் முடியாது. அவர் சுவரில் ஆணியே அடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேசிங்கு அண்ணன் ஸ்டூடியோவில் போய் நின்றேன். நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்கப் போகிறவரும் அவர்தான்.

"அண்ணே, இந்த எறக்க கொஞ்சம் வலது பக்கம் சாயணும்."

"போட்டோல இருக்கற எறக்கய நான் எப்படிடா சாய்க்கறது? ஆலந்துக்குப் போயி இழுத்து உடணுமா?"

"ஏதாவது பண்ணுண்ணே. என் வாழ்க்க."

அவர் நெகட்டிவை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நெகட்டிவ மறுபக்கமா போட்டு பிரிண்ட் எடுத்தா இடம் வலமாயிடும். வேற ஒண்ணும் இல்ல. பண்ணட்டா?"

இருட்டறையில் தட்டுத் தண்ணீருக்குள் அந்தக் காற்றாலை மெல்ல எழுந்து வந்தது. இறக்கை வலது பக்கம் சாய்ந்திருந்தது. சந்தோஷம் வந்துகொண்டிருந்தது! நான் தேசிங்கு அண்ணனைக் கட்டிக்கொண்டேன். அவர் உற்சாகமாகி என் கன்னத்தில் ரோஸ் நிறமும் வானத்தில் நீலமும் இலவசமாகப் பூசிக் கொடுத்தார். காற்றாலையைத் தவிர அந்தப் படத்தில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை. அங்கேதான் பயந்தவனின் வேகம் வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. கருவடிக்குப்பத்து வீட்டுக் கூடத்தில் ஐம்பது பேர். சொல்தா மாமா சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு நின்றார். படம் சுவரில், மேலே ஒரு துண்டு. தலைவர் சிலையைத் திறக்கிற மாதிரி துண்டை இழுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். என் அம்மா என் பக்கம் பெருமையாகத் திரும்பினார். நான் மாமாவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை காற்றாலை மேல் போயின. இறக்கையைக் கடந்தன. கீழே இறங்கின. என் மேல் வந்து நின்றன.

நின்றே விட்டன.

"முசியே மாப்ளே, நீங்க பீச்சாங்கையா?"

திரும்பிப் படத்தைப் பார்த்தேன். ஹாலந்து நாட்டின் நடுவில், ரோஸ் கன்னத்தோடு, இடது கையால் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பார்கள், அல்லது மயக்கம் போட்டிருப்பார்கள். நான் "ஆமாம் மாமா" என்றேன்.

"பீச்சாங்கைக்காரனா இருந்தாலும் ரெஜிமெண்ட்ல சல்யூட்டு சோத்தாங்கையாலதான் அடிக்கணும். இடது கையால அடிச்சா அது அவமரியாத. கொடிக்கும் அவமரியாத, எனக்கும் அவமரியாத" என்றார் மாமா. மீசை துடித்தது.

அதே நேரத்தில் யாரோ என்னிடம் காபி டம்ளரை நீட்டினார்கள். வலது கையை நீட்டப் போனவன், சட்டென்று ஞாபகம் வந்து இடது கையால் வாங்கினேன். பாதி சட்டையில். அடுத்தது கேசரி. இடது கையில் ஸ்பூனைப் பிடித்தேன். வாய் எங்கே இருக்கிறது என்று இடது கைக்குத் தெரியவில்லை. மூக்கில் கொண்டுபோய் வைத்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

"டேய், சோத்தாங்கைய எங்கடா வெச்ச?"

"சும்மா இரும்மா."

பெண் வீட்டு அத்தை ஒருத்தர் உரத்த குரலில், "தாலிய எந்தக் கையால கட்டுவாராம்? இப்பவே கேட்டுக்கோங்கப்பா" என்றார். கூடத்தில் சலசலப்பு. மாமா இதற்குள் படத்துக்குப் பக்கத்தில் போய், மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்திருந்தார்.

"கோட்டு பட்டன் பாருங்க. சோத்தாங்கைப் பக்கத் துணி மேல வந்து இருக்குது. பட்டாளத்துல பதினாறு வருஷம் கோட்டு போட்டவன் நான். இது பொம்பள கோட்டு!"

"அக்கா கோட்டு மாமா" என்றேன். என் வாய் என் சம்மதம் இல்லாமலே பேச ஆரம்பித்திருந்தது. "குளிரு. அவசரத்துல மாத்திப் போட்டுக்கினேன்."

அம்மா எழுந்து நின்றார். "எம் பொண்ணு கோட்டையா நீ போட்டுக்கினு ஊர் சுத்துன?"

தாம்பூலத் தட்டு கூடத்தின் நடுவில் அப்படியே இருந்தது. மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொஞ்சம் யோசன பண்ணிக்கலாம்" என்றார். அந்த வார்த்தைக்கு எல்லா ஊரிலும் ஒரே அர்த்தம்தான். என் வயிற்றில் காற்றாலை இறக்கை உச்சியைத் தாண்டி இடது பக்கம் சாய்ந்தது.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து வசந்தா பட்டுப் புடவையோடு விடுவிடுவென்று வந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவில்லை; படத்துக்கு முன்னால் நின்றாள். காற்றாலைக் கதவுக்கு மேலே ஒரு சின்னப் பெயர்ப்பலகை இருந்ததை நான் அன்றுதான் முதல் தடவையாகக் கவனித்தேன்.

"அப்பா, இவரு பீச்சாங்கையும் இல்ல, கோட்டு பொம்பள கோட்டும் இல்ல. படமே புரண்டு கெடக்குது. இந்தப் பலகையப் பாருங்க, எழுத்து எல்லாம் கண்ணாடில பாக்கற மாதிரி இருக்குது."

"ஆலந்து எழுத்து அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார் மாமா.

"தெனம் எட்டு மணி நேரம் ஈய எழுத்தத் திருப்பித் திருப்பித்தான் கோக்கறேன். எனக்குத் தெரியாதா?" என்றவள், இப்போது என் பக்கம் திரும்பினாள். "ஏன் புரட்டுனீங்க?"

"நான் இல்ல, ஸ்டூடியோல..." என்று ஆரம்பித்தேன். கேமராவுக்குப் பின்னாலிருந்து தேசிங்கு அண்ணன் தலையை நீட்டினார். "ஏய், ஏகாம்பரம்! நீதானடா 'என் வாழ்க்க, புரட்டுண்ணே'ன்னு அழுத?"

ஐம்பது பேர். ஒரு கேள்வி. கேசரி ஒட்டிய மூக்கு. இனி ஓடுவதற்கு இடமில்லை என்று தெரிந்ததும் உண்மை தானாக வெளியே வந்துவிட்டது. கூட்டம், கேக், மேலே காட்டிய விரல், டச்சுக்காரர், இறக்கையின் பாஷை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "அது சாவு வூடும்மா. தெரியாமப் போயி சிரிச்சிக்கினு நின்னுட்டேன். உனக்குத் தெரிஞ்சா இந்தச் சம்பந்தமும் போயிடும்னு பயந்துட்டேன். எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்." கடைசி வாக்கியத்தை நான் திட்டமிடவில்லை. மற்றவற்றோடு சேர்ந்து வந்துவிட்டது.

அம்மா என் முன்னால் வந்து நின்றார். அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"செத்தவருக்கு இன்னா வயசுன்ன?"

"தொண்ணூத்தாறு."

"கொள்ளுப் பேரன் இருந்துதா?"

"இருந்துச்சும்மா. கேக்கு தின்னுக்கினு இருந்துச்சி."

"அடேய் மடையா! அது கல்யாணச் சாவுடா!" அம்மாவின் குரல் கூரையில் முட்டியது. "பொணம் எதிர்ல வந்தாலே போற காரியம் ஜெயம். இவன் ஏழு கடல் தாண்டிப் போயி கல்யாணச் சாவுலயே ஆசீர்வாதம் கேட்டுக்கினு வந்துருக்கான். இதவிடப் பெரிய சகுனம் ஏதுடா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டனா?"

சகுன சாஸ்திரத்தில் அந்தப் பக்கம் இருப்பது எனக்குத் தெரியாது. நான் பூனை, தும்மல் வரைக்கும்தான் படித்திருந்தேன்.

சொல்தா மாமா தொண்டையைச் செருமினார். "அப்போ சல்யூட்டு... எறந்தவருக்கு அடிச்சியா? சோத்தாங்கையால?"

"ஆமா மாமா. மேல இருக்காருன்னு..."

"மேலதானே இருக்காரு" என்றார் மாமா. குதிகால் இரண்டையும் ஒட்டி, விறைப்பாக நின்று, சுவரில் இருந்த காற்றாலைக்கு ஒரு சல்யூட் அடித்தார். பிறகு தாம்பூலத் தட்டைத் தானே எடுத்து என் அம்மாவிடம் நீட்டினார். காற்றாலை பாஷை தெரியுமா என்று நான் அவரிடம் பிற்பாடு கேட்டேன். பதினாறு வருஷத்தில் ஒரு காற்றாலையைக் கூடப் பார்த்ததில்லையாம். அவரைப் போட்ட ஊர் முழுக்க மலையாம்.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது பெண் வீட்டு அத்தை, "ரெண்டு கையாலயும் கட்டுறாரு, பாத்துக்கோங்க!" என்று அறிவித்தார். படத்தைச் சரியாகப் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று நான் எவ்வளவோ கெஞ்சியும் மாமா மறுத்துவிட்டார். புரண்ட காற்றாலை அவருடைய மெடல்களுக்குப் பக்கத்தில்தான் கடைசி வரை தொங்கியது. நான் வாசலில் சைக்கிளை நிறுத்தினாலே போதும், உள்ளேயிருந்து இடது கையால் ஒரு சல்யூட் வரும். இப்போது அவர் இல்லை. அந்த வேலையை என் மகன் எடுத்துக்கொண்டான்.

டச்சு இன்ஜினியரும் கல்யாணத்துக்கு வந்தார். நீலப் பூப்போட்ட ஒரு குட்டிப் பீங்கான் காற்றாலையைப் பரிசாகக் கொடுத்தார். இறக்கைகள் விரலால் தள்ளினால் சுற்றும். அதன் பாஷையை வசந்தாவுக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன். என் வாழ்க்கையின் இரண்டாவது பெரிய தவறு அது. அந்தக் காற்றாலை எங்கள் வீட்டு டி.வி. மேல் இருக்கிறது. இறக்கை வலது பக்கம் சாய்ந்திருந்தால் வீட்டில் வஞ்சிரம் வறுவல், சுமுகமான வானிலை. இடது பக்கம் சாய்ந்திருந்தால் நான் எதையோ செய்துவிட்டேன் என்று அர்த்தம். என்ன என்பதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை எழுதி முடித்துவிட்டு இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இறக்கை உச்சியைத் தாண்டிச் சாய்ந்திருக்கிறது. நேற்றிலிருந்து நடந்ததை எல்லாம் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. பழைய பயம் வந்துவிட்டது. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சத்தம் இல்லாமல் எழுந்துபோய், ஒரு விரலால் மெல்ல இறக்கையை வலது பக்கம் தள்ளினேன்.

"புரட்டாதீங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.